எல்லா நாப்பும் பூஜ்யத்தில்

ஹலோ… மாமா, நான்தான்… ஆமா, மாப்ளதான். கேக்குதா?… எனக்கு நல்லாவே கேக்குது, நீங்க கத்த வேண்டாம். ஸ்டுடியோவுலதான் இருக்கேன்… இல்ல, இன்னும் முடியல, அதுக்குத்தான் போன் பண்றேன். நீங்க ஹால்ல இருக்கீங்களா, ரூம்லயா?… ரூம்ல. நல்லதாப் போச்சு.

ஒண்ணுமில்ல, ஒரு சின்ன உதவி. உங்க கட்டில் தலைமாட்டுல அந்த மரப்பெட்டி மெஷின் இருக்குல்ல… அதேதான், சிந்தசைஸர். அதுல ஒரே ஒரு கட்டையை அமுக்கிப் பிடிக்கணும். ரெண்டு நிமிஷம், அவ்வளவுதான்… ஆமா ஆமா, தொடக்கூடாதுன்னு சொன்னதும் நான்தான். இப்ப நானே தொடச் சொல்றேன்.

நேத்து ராத்திரி ஒண்ணு வாசிச்சேன்ல, அது டைரக்டருக்குப் புடிச்சுப் போச்சு மாமா. ரொம்பவே புடிச்சுப் போச்சு. ஆனா முடிவுல ஒரு சுரம் கீழ இறங்கி நிக்கணுமாம். அதே சத்தத்துல. அதை எடுத்துக் குடுத்துட்டா படம் என் கையில. ரெண்டு வருஷமா சோப்பு விளம்பரத்துக்கு டிங் டிங்னு வாசிச்சது போதும். அஞ்சு மணிக்கு அவர் ஏர்போர்ட் கிளம்பறாரு, இப்ப மணி நாலு அஞ்சு… நாலு ஏழா? சரி, உங்க வாட்ச்தான் சரி.

மெஷினோட இணைச்சிருக்கிற கம்ப்யூட்டரை நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். அதை நான் இங்க இருந்தே இயக்கிக்குவேன். மரப்பெட்டிக்குத்தான் ஆள் கை வேணும். இடது பக்கத்துல இருந்து எட்டாவது வெள்ளைக் கட்டை… எண்ணிட்டீங்களா? அமுக்குங்க… அமுக்கிட்டீங்களா? ஒண்ணும் கேக்கலையே.

அதுல சின்னதா ஒரு சிவப்பு லைட்டு எரியுதா பாருங்க… எரியலையா? பிளக்கைப் பாருங்க… யாரு எடுத்தா?… நீங்களா. சரி, பரவாயில்ல. எடுத்ததை மாட்டிட்டாப் போச்சு. மாமா மாமா, குனியாதீங்க. கண்ணு ஆபரேஷன் பண்ணின டாக்டர் என்ன சொன்னாரு? ஸ்டூலைப் போட்டு உக்காந்து மாட்டுங்க… எரியுதா? நல்லது. இனிமே பத்து நிமிஷம் அது சூடாகணும். பழைய சாமான், சூடானாத்தான் சுருதி நிக்கும். நாலு மணி சொட்டு விட்டுக்கிட்டீங்களா கண்ணுக்கு?… நீங்களேவா? கன்னத்துல பாதி போயிருக்கும். சரி.

மேல இருக்கிற, திருகுற நாப் எதையும் தொட்டுடாதீங்க, அது மட்டும்… என்னது?… திருப்பிச் சொல்லுங்க… துடைச்சீங்க. சரி. துடைச்சுட்டு?…

எல்லாத்தையுமா?

முப்பத்தொரு நாப் மாமா அது. முப்பத்தொண்ணையும்… ஒண்ணு விடாம பூஜ்யத்துக்கு…

இருங்க. கொஞ்சம் இருங்க. நான் உக்காந்துக்கறேன்… இல்ல, குறுக்க பேசாதீங்க, நான் சொல்றதை முதல்ல கேளுங்க. அது ஞாபகம் வச்சுக்கிற மெஷின் கிடையாது. நாப் எங்க நிக்குதோ அதுதான் சத்தம். நாப் நகந்துச்சுன்னா சத்தம் போச்சு. திரும்ப வராது. அதுல போட்டு வைக்க ஒரு பொந்து கூடக் கிடையாது… இல்ல, நான் குறிச்சு வைக்கல. படமும் எடுக்கல. காலைல பாத்துக்கலாம்னு படுத்துட்டேன். நான் வச்ச இடத்துலதானே நிக்கப் போகுதுன்னு நம்பிட்டேன்… மாமா, என்னைப் பேச விடுங்க, நீங்க அப்புறம் சொல்லுங்க.

சார், அஞ்சே நிமிஷம் சார்… உங்களை இல்ல மாமா, டைரக்டர் எட்டிப் பாத்தாரு. வந்துக்கிட்டே இருக்குன்னு சொல்லிட்டேன். என்ன வந்துக்கிட்டு இருக்குன்னு எனக்கே தெரியல.

இல்லாம என்ன, இங்கயும் மெஷின் இருக்கு. நாலு இருக்கு, வரிசையா நிக்குது. ஒண்ணு கூட அந்தச் சத்தத்தைக் குடுக்காது… ஏன்னா? எல்லாத்துக்கும் கட்டை கறுப்பு வெள்ளைதான், உள்ள நடக்கிற வேலை வேற வேற. எப்படிச் சொல்ல… நீங்க கேக்கிறதுக்குப் பதில் சொல்ற நேரமா இது. சரி, எப்படியும் அது சூடாகற வரைக்கும் உக்காந்துதான் இருக்கணும்.

முதல்ல நிக்கிறது ஒரு பதிவு மெஷின். நிஜ வயலின், நிஜ புல்லாங்குழல் எல்லாம் உள்ள பதிஞ்சு வச்சிருக்கும். கட்டையை அமுக்கினா பதிஞ்சதை அப்படியே எடுத்துக் குடுக்கும்… அச்சா? ஆமா, அச்சுல வார்க்கிற மாதிரிதான். அச்சு இருந்தாத்தான் சாமான் வரும். என் சத்தத்துக்கு அச்சு எவன் செஞ்சு வச்சிருக்கான்?

அடுத்தது, ஒரு அலையை வச்சு இன்னொரு அலையைப் புடிச்சு ஆட்டுற மெஷின். வேகமா ஆட்டினா உள்ள இருந்து புதுசா ஒரு சத்தம் பிறக்கும். மணி மாதிரி, கண்ணாடி மாதிரி… என்ன சொன்னீங்க? உங்க பம்பு கம்பெனி லேத்துல, கடையும்போது டூல் அதிர்ந்தா தடியில வரி வரியா விழுமா?… அட. அதேதான் மாமா. அந்த அதிர்வை நீங்க பிழைன்னு ஒதுக்கி வைப்பீங்க. இவங்க அதையே வேணும்னு பண்ணி, பளபளன்னு பெட்டி போட்டு வித்துட்டாங்க.

மூணாவதுல, நூறு விதமான அலையை அடுக்கி வச்சு, ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு வழுக்கிக்கிட்டே போகலாம். நாலாவது, சின்னச் சின்ன விசில் சத்தமா ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி ஏத்திக் கட்டுறது… வெல்டிங். ம், வெல்டிங்தான். நல்லா சொல்றீங்களே.

நம்ம வீட்டு மரப்பெட்டியா? அது நேர் எதிர். முதல்ல கரகரன்னு முழுச் சத்தமா ஒண்ணு குடுக்கும், காது கூசும். அதுல இருந்து வேண்டாததை வெட்டி வெட்டி எடுத்துட்டா மிச்சம் நிக்கிறதுதான் நமக்கு வேணும்கிற சத்தம்… ஆமா மாமா. லேத்து. முழுத் தடியை மாட்டிக் கடைஞ்சு எடுக்கிறதுதான். ஒரே பேச்சுல புடிச்சுட்டீங்க. உங்க பொண்ணுக்கு ஆறு வருஷமா சொல்றேன், இன்னும் எல்லாமே ஆர்மோனியம்தான் அவளுக்கு.

புரிஞ்சு என்ன பிரயோஜனம்? கடைஞ்சு வச்ச சாமானைத் தூக்கிப் போட்டாச்சு. அதே தடியில அதே அளவுக்குத் திரும்பக் கடையணும்னா… முக்கால் மணி நேரத்துல, போன்ல, எப்படி மாமா? இங்க சோபாவுல இன்னொரு மியூசிக் ஆள் காலாட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. லேப்டாப்புன்னுதான் அவரைக் கூப்பிடுவாங்க. எல்லா மெஷினும் அவர் மடியிலயே இருக்கு. 'கிட்டத்தட்ட அதே மாதிரி நானே பண்ணிடறேனே'ன்னு ரெண்டு தடவை டைரக்டர் காதுல விழற மாதிரி சொல்லியாச்சு. கிட்டத்தட்டவாம். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது.

மாமா, ஒண்ணு கேக்கறேன், கோபமா கேக்கல… சரி, கோபமாத்தான் கேக்கறேன். மூணு வாரமா அது மேல ஒரு துண்டு கூட நீங்க போட்டதில்ல. இன்னிக்கு என்ன வந்துச்சு?… என்னது, ஒப்படைக்கிறதா?… ம்… ம்… ஷிப்ட் முடிஞ்சா மெஷினைத் துடைச்சு, எல்லாத்தையும் பூஜ்யத்துக்குக் கொண்டு வந்து அடுத்த ஆள்கிட்ட ஒப்படைக்கணும். முப்பத்தோரு வருஷம் அப்படித்தான். ஒத்துக்கறேன். ஆனா அது பம்பு கம்பெனி மாமா. இங்க எந்த ஷிப்ட் முடிஞ்சுது?…

எங்க கிளம்பறீங்க?

…உங்க பெரிய பொண்ணு வீட்டுக்கா. இன்னிக்கேவா?… அடுத்த வியாழக்கிழமை கண்ணு செக்கப் இருக்கே… அங்கயும் டாக்டர் இருக்காங்க, எல்லா ஊர்லயும்தான் இருக்காங்க… அஞ்சரை மணி பஸ். நாலே முக்காலுக்கு டாக்ஸி. எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு. உங்க பொண்ணுக்குத் தெரியுமா?… அவ பரீட்சை ஹால்ல சூப்பர்வைசரா நின்னுக்கிட்டிருப்பா, போனை வாசல்லயே வாங்கி வச்சிருப்பாங்க. அது தெரிஞ்சுதானே… சீட்டு எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டா ஆச்சா?

அதான் மெஷினைத் துடைச்சு வச்சீங்களா. போர்வையை மடிச்சாச்சா? கட்டிலையும்… சுவர் ஓரமா நகர்த்தியாச்சா. ஆபரேஷன் பண்ணின ஆளு கட்டிலை இழுக்கறாரு. யாரு சொன்னா உங்களை?… இல்ல, சும்மா சொல்லாதீங்க. 'வந்த வேலை முடிஞ்சுது'ங்கிறது பேச்சா? நெஜமான காரணத்தைச் சொல்லுங்க…

நேத்து ராத்திரியா.

பால்கனியிலயா.

கேட்டுச்சா உங்களுக்கு.

…

இருக்கேன் மாமா, லைன்லதான் இருக்கேன். ஆமா. சொன்னேன். 'எனக்குன்னு இருந்தது ஒரே ஒரு ரூம், அதுலயும் கட்டில் போட்டாச்சு'ன்னு சொன்னேன். 'இன்னும் எத்தனை நாளைக்கு'ன்னும் கேட்டேன். அப்படியில்ல, நீங்க தப்பாக் கேட்டுட்டீங்கன்னு இப்ப மழுப்ப முடியாது. உங்க காதைப் பத்தி எனக்குத் தெரியும். மோட்டார் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போச்சுன்னு சொல்ற ஆளு நீங்க… கோபம் இல்லைன்னு சொல்லாதீங்க. கோபப்பட்டாக் கூட எனக்குக் கொஞ்சம் நல்லா இருக்கும்.

அதை விடறதா? எதை விடறது?… இப்ப எதை எழுதிக்கணும்?… எந்த நோட்டு?… மெதுவாச் சொல்லுங்க. பூஜ்யத்துக்குக் கொண்டு வர்றதுக்கு முன்னாடி… முப்பத்தொண்ணும் எங்கெங்க நின்னுச்சுன்னு… வரிசை போட்டு… குறிச்சு வச்சுட்டுத்தானா…

குறிக்காம பூஜ்யம் பண்ணினா சம்பளத்துல கை வைப்பாங்களா. ஐயோ மாமா. ஐயோ. இதை நீங்க போனை எடுத்ததும் சொல்லக் கூடாதா?… சொன்னீங்களா?… மூணு தடவையா?… ஆமா. குறுக்க பேசாதீங்கன்னேன். என்னைப் பேச விடுங்கன்னேன். ஆமா, நான்தான் சொன்னேன்.

சார், பத்து நிமிஷம் சார். நிச்சயமா. நீங்க டீ குடிச்சுட்டு வாங்க சார்.

சரி மாமா, நான் எதுவும் சொல்லல. நீங்களே படிச்சு நீங்களே வைங்க. சத்தமாப் படிங்க, நான் கேட்டுக்கிட்டிருக்கேன்… முதல் வரிசை, ஒண்ணாவது நாலு. ம்… ரெண்டாவது ஆறேகால். ஆறேகாலா? நான் வெறும் ஆறுன்னு நெனச்சேன்… ம்… ம்… மூணாவது ஏழுக்கு ஒரு நூல் கம்மி. நூல் கணக்கா பாத்திருக்கீங்க. புதுக் கண்ணுக்கு நல்ல வேலை குடுத்திருக்கீங்க போங்க… ம்… சரி… ம்… அது ரெண்டே ரெண்டுதான், சரி, அதான் வெட்டுற நாப்பு, அதை ஏத்தினா கத்தும்… ம்… ம்…

ரெண்டாவது வரிசை முடிஞ்சுதா? இப்ப அந்தக் கட்டையை ஒரு தடவை அமுக்குங்க… வருது. வருது மாமா. கொஞ்சம் பிடிச்சுக்கிட்டே இருங்க… என்ன?… ரெண்டு மோட்டார் ஓடுது, ரெண்டாவது ஒரு சுத்து பின்தங்குதா? சரியாத்தான் கேட்டிருக்கீங்க. உள்ள ரெண்டு அலை. வேணும்னுதான் ஒண்ணை லேசா கீழ வச்சிருக்கேன். அந்த ம்ம்ம்-ம்ம்ம் வரணும்… இல்ல இல்ல, சரி பண்ணிடாதீங்க. பிழைதான், இருக்கட்டும்.

மிச்சத்தையும் வைங்க… ம்… ம்… முப்பது… முப்பத்தொண்ணு? என்ன போட்டிருக்கு நோட்டுல?… கேள்விக்குறியா?… ஆமா. அதுல கோடு இல்ல. நம்பர் எல்லாம் தேஞ்சு போச்சு, நான் வாங்கும்போதே அப்படித்தான். முள்ளும் இல்ல, எங்க நின்னுச்சுன்னு பாக்க வழியே இல்ல. ஐயய்யோ. அதுதான் மாமா எல்லாமே. சத்தம் ஏறி இறங்குற வேகம் அதுலதான் இருக்கு. அது தப்புன்னா முப்பதும் தப்பு.

எப்படி வச்சேன்னு எனக்குத் தெரியும். தெரியாம இல்ல… சொல்றேன். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது.

நேத்து ஹெட்போன் மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். எந்த வேகம் வச்சாலும் செயற்கையா இருந்துச்சு. திருகித் திருகி விரல் வலிச்சுது. நீங்க பக்கத்துல தூங்கிட்டிருந்தீங்க. குறட்டை இல்ல… சரி, லேசான குறட்டைதான். ஏறுது, ஒரு நொடி நிக்குது, இறங்குது. அப்புறம் நான் ஹெட்போனை ஒரு காதுல இருந்து கழட்டிட்டு, உங்க மூச்சுக்கு அதைச் சேத்து வச்சேன். உடனே உக்காந்துடுச்சு. காலைல டைரக்டர் கேட்டுட்டு, 'வீட்ல யாரோ ஒருத்தர் தூங்குற மாதிரி இருக்கு, இதான் எனக்கு வேணும்'னாரு. நான் வாயே திறக்கலையே.

அதை வச்சு முடிச்சுட்டு, நீங்க தூங்கறீங்கன்னு நெனச்சு நேரா பால்கனிக்குப் போய், உங்களைப் பத்தித்தான் உங்க பொண்ணுகிட்டப் புலம்பியிருக்கேன். அப்படிப்பட்ட ஆளு நான். எனக்கே அசிங்கமா இருக்கு.

…சிரிக்கிறீங்களா? சிரிங்க, பரவாயில்ல. மணி என்ன?… நாலு முப்பத்தாறு. மாமா, கட்டில்ல சாஞ்சுக்கோங்க. படுத்தபடியே நாப்புக்குக் கை எட்டுமா?… எட்டும், எட்டாம எங்க போகும், அந்த ரூம்ல இடம் இருக்கிறதே அவ்வளவுதானே. கண்ணை மூடிக்கோங்க. போனை நெஞ்சு மேல வைங்க. இப்ப மூச்சு விடுங்க, சாதாரணமா…

வேகமா வருது மாமா. நேத்து இப்படி இல்ல… துணிப்பெட்டியைக் கட்டி வச்சுட்டு நேத்து மாதிரி எப்படி வரும்னு கேக்கறீங்களா. கேப்பீங்க. நியாயம்தான்.

நான் பேசல. நீங்க மெதுவா விடுங்க…

…

ம்… ஆமா… இன்னும் கொஞ்சம்… இதான். இதேதான் மாமா. இப்ப கட்டையை அமுக்கிக்கிட்டே அந்த நாப்பைத் திருகுங்க. உங்க மூச்சு ஏறும்போது சத்தமும் ஏறணும்… ஜாஸ்தி… கொஞ்சம் பின்னாடி… சேருது… சேந்துடுச்சு. விட்டுடுங்க நாப்பை. விட்டுடுங்க.

எந்திரிச்சு உக்காந்துக்கோங்க. போன் அப்படியே கட்டில்ல இருக்கட்டும், ஸ்பீக்கர்ல போட்டுட்டீங்களா? இப்ப எட்டாவது வெள்ளைக் கட்டையை ஒரே அழுத்தா அமுக்கிப் பிடிச்சுக்கோங்க. நீங்க பேசினா விரல் ஆடும், பேசாதீங்க. நான் மட்டும் பேசறேன். ரெக்கார்டிங் போட்டுட்டேன். சரி… இப்ப.

…

வருது மாமா. அருமையா வருது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டு இன்ஜினியர் தலையை ஆட்டுறாரு. டைரக்டர் டீ கப்போட உள்ள வந்து நின்னுட்டாரு. லேப்டாப்பு காலாட்டறதை நிறுத்திட்டாரு.

நீங்க பதில் சொல்ல முடியாது, அதனால நான் சொல்லிடறேன். ரூம் சின்னதுதான். அதுல பொய் சொல்ல மாட்டேன். எனக்கு எரிச்சல் வருது, நாளைக்கும் வரும், உங்க மருந்து டப்பா மேல காலை வச்சுட்டுக் கத்துவேன். அது ரூம் மேல வர்ற எரிச்சல் மாமா. உங்க மேல இல்லைன்னு நான் நேத்து சொல்லியிருக்கணும், சொல்லல. அத்தை போனதுக்கப்புறம் நீங்க ஒரு இடத்துல நிலையா இருந்ததே இந்த மூணு வாரம்தான்னு உங்க பொண்ணு சொல்லுவா. நான் காதுல வாங்கல. பெரியவ வீட்ல சொட்டு யாரு விடுவா? சகலைக்கு ஊசியைப் பாத்தாலே மயக்கம் வரும், கண்ணுல மருந்து விடப் போறாராக்கும்.

…

அது ஹாரன். கேக்குது. டாக்ஸியா இருக்கும். இருக்கட்டும், கையை எடுக்காதீங்க.

…

ரெண்டு நிமிஷம் ஆச்சுன்னு இங்க ரெண்டு விரலைக் காட்டுறாங்க. நீங்க எடுக்காதீங்க மாமா. இன்னும் கொஞ்சம்.

இப்ப போன்ல டொக் டொக்னு இன்னொரு அழைப்பு வருதுல்ல, அது டிரைவரா இருக்கும். எடுக்க வேண்டாம். எடுத்தா விரல் ஆடிடும். இத்தனை பாடுபட்டது வீணாப் போயிடும்.

…

இன்னொரு ஹாரன்.

…

மூச்சு நல்லா வருது. ஏறி, நின்னு, இறங்குது. எடுக்காதீங்க.

…

போயிடுச்சா வண்டி?… தலையை ஆட்டினா எனக்கு எப்படித் தெரியும், வாயைத் திறந்து சொல்லுங்க… போயிடுச்சு.

சரி. இப்ப கையை எடுங்க மாமா.

…என்னது?… அஞ்சு நிமிஷம் இருபது செகண்டா? வாட்சைப் பாத்துக்கிட்டேவா இருந்தீங்க?… அப்ப ரெண்டு நிமிஷம் எப்பவோ முடிஞ்சுதுன்னு உங்களுக்கு…

தெரிஞ்சுமா கையை எடுக்கல?

…ம்… ம்…

சரி மாமா. மெஷினை அணைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். ஃப்ரிட்ஜ்ல ஒட்டின சீட்டை மட்டும் அவ வர்றதுக்குள்ள எடுத்துடுங்க. கட்டிலை நீங்க இழுக்க வேண்டாம், நான் வந்து போடறேன். எட்டு மணி சொட்டுக்கு வந்துடுவேன்… ஆமா, நானேதான் விடுவேன். வச்சிடறேன்.